பனி கொட்டுற இரவில கம்பம் கதைக்கும்

"பனி கொட்டுற இரவில வந்து நிண்டு கேளுங்கோ பிள்ளையள், கம்பம் கதைக்கும்" என்று சித்தப்பா சொன்னபோது நாங்கள் அதைப் பகிடி என்றுதான் எடுத்தோம். தை மாதம், விடிய மூன்று மணி இருக்கும். வடமராட்சி கிழக்கில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு வீட்டுப் படலைக்கு வெளியே நாங்கள் நாலு பேரும் போர்வையைப் போர்த்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறோம். தலைக்கு மேலே 33 கிலோவோல்ற்று லைன் போகிறது. முதலில் அலைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பிறகு காது பழகப் பழக, ஈர விறகை அடுப்பில் வைத்தால் சீறுமே, அப்படி ஒரு சீறல். இடைக்கிடை 'டிக்' என்று ஒரு சின்ன வெடிப்பு. கண்ணும் இருட்டுக்குப் பழகினபிறகு பார்த்தால், பீங்கான் காவலியின் இடுப்பைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு பொறி ஓடி மறைகிறது.

"இண்டைக்கு இது பரவாயில்லை. மழை விட்டுப் பத்து நாள்தானே. இன்னும் ரெண்டு கிழமைக்கு மழை இல்லாமல் காத்து மட்டும் அடிக்கட்டும், பிறகு வந்து பாருங்கோ" என்றார் சித்தப்பா. அவர் எங்களில் ஒருத்தியின் சித்தப்பா. முப்பது வருஷத்துக்கு மேல் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணம் தீவின் மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, சுன்னாகத்து ஜெனரேற்றர்களில் ஓடின காலத்திலும் கம்பம் ஏறினவர்.

உண்மையில் அன்றைக்கு நாங்கள் அங்கே போனது கம்பம் பார்க்க இல்லை. மன்னிப்புக் கேட்க.

அந்த வீட்டு அம்மம்மாவுக்கு முட்டு. பனிக்காலம் வந்தால் விடியப்புறத்தில் கூடும். நெபுலைசர் மெசின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டில் அடிக்கடி கரண்ட் போவதும் அதே பனிக்காலத்தில், அதே விடியப்புறத்தில்தான். "பனிக்குத்தான் முட்டும் வரும், பனிக்குத்தான் கரண்டும் போகும், ரெண்டும் கதைச்சு வைச்சு வருகுதுகள்" என்று அம்மம்மா சொல்லுவாவாம். இறுதியாண்டுப் புரொஜெக்ற்றுக்குத் தலைப்புத் தேடினபோது எங்களில் மற்ற மூன்று பேருக்கும் சூரியப் படலம், மின்சார ஓட்டோ என்று பெரிய பெரிய ஆசைகள் இருந்தன. அவள் மட்டும் ஒரே பிடியாக நின்றாள்: அழுக்குப் படிந்த பொலிமர் காவலி. கேட்கவே களை வாற தலைப்பு. ஏன் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. அவள் சொல்லவும் இல்லை.

முதலில் கம்பம் ஏன் கதைக்கிறது என்று சொல்ல வேண்டும். காவலியின் வேலை, கம்பியைக் கம்பத்தில் தூக்கிப் பிடிப்பதும், கம்பியில் இருக்கிறது கம்பத்துக்கு வராமல் பார்ப்பதும். 33 கிலோவோல்ற்று லைனில் ஒரு கம்பிக்கும் நிலத்துக்கும் இடையில் இருப்பது 19 கிலோவோல்ற்று. சுத்தமான, காய்ந்த பீங்கான் இதைச் சும்மா தாங்கும். கடற்கரைக் காற்று அதன்மேல் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பையும் புழுதியையும் பூசும். காய்ந்த உப்பு மின்னைக் கடத்தாது, அதனால் பகல் முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை. இரவில் வானம் வெளித்திருந்தால் காவலி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும், அதன்மேல் பனி படியும். பனி உப்பைக் கரைக்கும். பீங்கானுக்குத் தண்ணீர் பிடிக்கும், அது தண்ணீரைப் படலமாக விரித்துவிடும். இப்போது கம்பியிலிருந்து கம்பம் வரை உப்புத் தண்ணீரால் ஒரு பாதை.

அந்தப் பாதையில் ஓடும் கசிவோட்டம் மில்லியம்பியர் கணக்குத்தான். ஆனால் அது ஓடும் இடம் சுடும். எங்கே பாதை ஒடுக்கமோ, அங்கே கூடச் சுடும், அங்கேதான் முதலில் காயும். இப்படி உருவாகும் ஒடுங்கிய உலர் பட்டையின் இரண்டு கரைக்கும் நடுவில், முழுக் காவலியும் பகிர்ந்து தாங்கவேண்டிய வோல்ற்றளவில் அநேகமானது வந்து விழும். அந்த இடைவெளியைப் பொறி தாண்டும். நாங்கள் கேட்ட 'டிக்' அதுதான். பெரும்பாலும் பொறி அணைந்துவிடும். பனி பிடிக்கப் பிடிக்க, உப்பும் போதுமானளவு இருந்தால், அந்தப் பொறி நீண்டு நீண்டு போய் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சுடராகப் பாயும். இதைத்தான் பிளாஷ்ஓவர் என்பார்கள். காவலி உடையவேண்டிய அவசியம்கூட இல்லை. பாதுகாப்புக் கருவி லைனைத் துண்டித்துவிடும். ஊர் இருட்டாகும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கொட்டோ கொட்டென்று கொட்டுகிற மழையில் இது நடப்பது குறைவு, ஏனென்றால் மழை உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஆபத்து பனியிலும் தூறலிலும்தான்: உப்பைக் கரைக்கப் போதுமான தண்ணீர், ஆனால் கழுவிப்போகப் போதாத தண்ணீர். சித்தப்பா இதை ஒரு புத்தகத்திலும் படிக்கவில்லை. 'மழை விட்டு எத்தனை நாள்' என்று எண்ணுகிற பழக்கம் அவருக்கு வேலையிலேயே வந்திருக்கிறது.

பழைய தீர்வுகள் இரண்டு. ஒன்று, பாதையை நீட்டுவது. காவலியில் குடை குடையாக இருக்கிறதே, அது மழைக்கு மட்டுமில்லை, மேற்பரப்பு வழியாக ஊர்ந்து போகும் தூரத்தைக் கூட்டவும்தான். பழைய சர்வதேச வழிகாட்டி, அழுக்குக் குறைந்த இடத்துக்குக் கிலோவோல்ற்றுக்கு 16 மில்லிமீற்றர், மிக மோசமான இடத்துக்கு 31 மில்லிமீற்றர் என்று வைத்தது. 33 கிலோவோல்ற்று லைனின் உச்ச வோல்ற்றளவை 36 என்று எடுத்தால், கடற்கரைக்கு 36ஐ 31ஆல் பெருக்க 1116 மில்லிமீற்றர். ஒரு மீற்றருக்கு மேற்பட்ட பாதையை ஒரு முழ உயரத்துக்குள் மடித்து வைப்பது. குடைகளை நெருக்கி வைத்தால் தூரம் கூடும் என்று கணக்குச் சொல்லும், ஆனால் நெருக்கமான குடைகளுக்கு நடுவில் உப்புத் தங்கும், பொறியும் குடைக்குக் குடை தாவிவிடும். அதனால்தான் நல்ல வடிவங்களில் பெரிய குடை, சின்ன குடை என்று மாறி மாறி வரும். மற்றத் தீர்வு, கழுவுவது.

பொலிமர் காவலி வந்த பிறகு கதை மாறியது. உள்ளே கண்ணாடி நார்க் கோல், வெளியே இறப்பர் உறை. பீங்கானோடு ஒப்பிட்டால் பாரமே இல்லை. கல்லெறிக்கும் தாங்கும் (எங்கட ஊர்ப் பெடியளின் குறிக்கு இது சின்ன விசயமில்லை). உறைக்கு எதிலீன்-புரொப்பிலீன் வகை இறப்பரையும் பாவிக்கிறார்கள், ஆனால் கடற்கரைக்குப் பெயர்போனது சிலிக்கோன் இறப்பர். சிலிக்கனும் ஒட்சிசனும் மாறி மாறி வரும் சங்கிலி, அதன் பக்கங்களில் மெதைல் கூட்டங்கள். அந்த மெதைல் கூட்டங்கள் வெளிப்பக்கம் பார்த்து நிற்பதால் தண்ணீர் அதில் ஒட்டாது. தாமரை இலையில் போல முத்து முத்தாக நிற்கும். முத்துக்கள் ஒன்றோடொன்று சேராதவரை பாதை இல்லை, பாதை இல்லாவிட்டால் கசிவோட்டமும் இல்லை.

அப்போ பிரச்சினை தீர்ந்ததுதானே என்று நாங்களும் கேட்டோம். இறப்பர் தண்ணீரை வெறுக்கலாம். ஆனால் இறப்பரின் மேலே படிந்த களிமண் தண்ணீரை வெறுக்காதே? அழுக்கு மூடினபிறகு உள்ளே என்ன இருந்தால் என்ன? எங்கட புரொஜெக்ற்றின் கேள்வியே இதுதான்: அழுக்கான பொலிமர் காவலியை எப்படி மேம்படுத்துவது. நாங்கள் எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரி ஒரு விடையும் எழுதிவைத்திருந்தோம்: உமிச் சாம்பல்.

அதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம், ஏனென்றால் பெருமைப்பட ஒன்றும் இல்லை. சிலிக்கோன் இறப்பருக்குள் நிரப்பி சேர்ப்பது வழமை. வழமையான நிரப்பி அலுமினியம் ஐதரொட்சைட்டு. 200 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடானால் அது பிரிந்து நீராவியை விடும், அதனால் பொறி பட்ட இடம் குளிரும், இறப்பர் எரிந்து கரிக்கோடு விழாது. உமிச் சாம்பலில் சிலிக்கா நிறைய உண்டு, எங்கட ஆலைகளில் உமி மலைபோல் கிடக்கிறது, ஆகவே கலப்போம் என்று புறப்பட்டோம். உமியை நல்ல வெப்பநிலையில் நெடுநேரம் எரித்தால்தான் சாம்பல் வெள்ளையாக வரும். எங்கள் சாம்பல் சாம்பல் நிறத்தில்தான் வந்தது, அதாவது உள்ளே கரி. கரி மின்னைக் கடத்தும். மாதிரித் தகட்டை 45 பாகையில் சாய்த்து, 4.5 கிலோவோல்ற்றுக் கொடுத்து, அமோனியம் குளோரைட்டுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக வழியவிடும் ஒரு சோதனை இருக்கிறது. 6 மணித்தியாலம் தாங்கவேண்டும். எங்கட தகடு முதல் மணித்தியாலத்திலேயே வாலில் நெருப்பு வைத்த அனுமார் மாதிரி நின்றது. சேர் ஒன்றும் சொல்லாமல் யன்னலைத் திறந்துவிட்டார்.

ஆக, மிஞ்சியது சாதாரண சிலிக்கோன் காவலிகளில் அழுக்குப் பூசி, செயற்கைப் பனியில் வைத்து அளப்பது. பெர்ஸ்பெக்ஸ் பெட்டி ஒன்று, நீராவி, சோதனை நிலைமாற்றி, கசிவோட்டத்தை அளக்க ஒரு தடை. அழுக்கு என்பது கயோலின் களியும் உப்பும் தண்ணீரில் கரைத்தது. லீற்றருக்கு 40 கிராம் கயோலின் என்பது தரநிர்ணயத்தில் உள்ள அளவு. உப்பை மாற்றி மாற்றி அழுக்கின் கடுமையைத் தீர்மானிக்கலாம். மீட்டியாகொடவில் தோண்டி எடுத்துப் பீங்கான் செய்வதும் இதே களியில்தான். பீங்கானுக்குப் போட்டியாக வந்த இறப்பரின் முகத்தில் பீங்கானின் மாவையே அப்பினோம்.

அப்பினோம் என்று சொல்கிறோமே தவிர, முதல் நாள் அது ஒட்டவே இல்லை. சேற்றுத் தண்ணீர் உருண்டு விழுந்துகொண்டே இருந்தது. பிறகுதான் அறிந்தோம், காய்ந்த கயோலின் மாவைப் பஞ்சால் மெல்லத் தேய்த்து, மிச்சத்தை ஊதிவிட்டு, அதற்குமேல் கரைசலைப் பூசவேண்டும் என்று. அப்படிச் செய்ததும் ஒட்டிக்கொண்டது. வியாழக்கிழமை பின்னேரம் பூசி, காயவிட்டு, அன்றைக்கே அளந்தோம். பெறுபேறு மோசம். பனி பட்டதும் களி முழுக்க நனைந்தது, கசிவோட்டம் பாய்ந்தது, பொறி ஓடியது. பீங்கானுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மிச்சக் காவலிகளையும் அன்றைக்கே பூசி வைத்திருந்தோம். வெள்ளி போயா. சனி, ஞாயிறு மூன்று பேரும் வீட்டுக்குப் போய்விட்டோம். திங்கள் காலை அவள் தனியப் போய் மிச்சத்தை அளந்து தாளில் எழுதி வைத்திருந்தாள். அந்தத் தாளைப் பார்த்தபோது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நினைப்புத்தான் வந்தது. அதே காவலி, அதே களி, அதே உப்பு, அதே பெட்டி. ஆனால் கசிவோட்டம் இல்லையென்றே சொல்லவேண்டும். வியாழக்கிழமை பொறி பறந்த வோல்ற்றளவில் திங்கட்கிழமை ஒரு சலனமும் இல்லை.

எங்களில் ஒருவன் கேட்டான்: "இது வந்த நம்பரா, நீ எழுதின நம்பரா?"

மற்ற இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் கூடப் பிழை என்று இப்போது விளங்குகிறது. அவள் லாப் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

புதன்கிழமை நாங்கள் மூன்று பேரும் 'சரிபார்க்க' இறங்கினோம். புதிதாகக் களி கரைத்தோம், பூசினோம், காயவிட்டோம், பின்னேரமே அளந்தோம். வியாழக்கிழமை மாதிரியே வந்தது. எங்களுக்கு ஒரு மாதிரியான திருப்திகூட வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் நம்பரை மாற்றித்தான் இருக்கிறாள் என்று முடிவு கட்டினோம். லாப் பூட்டும் நேரமாகியதால் பூசின ஒரு காவலி அளக்கப்படாமல் மூலையில் கிடந்தது.

சனிக்கிழமை காலை, அறிக்கையில் ஓர் எண்ணிக்கை குறைகிறதே என்று அந்த ஒன்றையும் பெட்டிக்குள் வைத்தோம். நீராவி விட்டோம். வோல்ற்றளவைக் கூட்டினோம். சத்தம் இல்லை, பொறி இல்லை, வாசிப்பு அசையவில்லை. வயர் கழன்றுவிட்டதோ என்று இரண்டு தரம் பார்த்தோம். பிறகு நிலைமாற்றியை நிறுத்தி, நிலத்தொடுப்புப் போட்டு, பெட்டியைத் திறந்து பார்த்தால், களியின் மேலே பனித் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. இறப்பரின் மேலே இல்லை, களியின் மேலே. தண்ணீரைக் குடிக்கிற களி, தண்ணீரை ஒட்டவிடாமல் நிற்கிறது.

விசயம் இவ்வளவுதான். சிலிக்கோன் இறப்பருக்குள் நீண்ட சங்கிலிகள் மட்டுமில்லை, ஒன்றோடும் பிணையாத குறுகிய சங்கிலிகளும் இருக்கின்றன, எண்ணெய் மாதிரி. அவை மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு ஊறி வரும். மேலே அழுக்கு இருந்தால் அந்த அழுக்குக்குள்ளும் ஊறிப்போய், ஒவ்வொரு துணிக்கையையும் போர்த்தும். அழுக்கே நீர்வெறுப்புள்ளதாக மாறிவிடும். மெல்லிய அழுக்கென்றால் சில மணித்தியாலம், தடித்த அழுக்கென்றால் நாட்கள். வெக்கை இருந்தால் கெதியாக நடக்கும், குளிரில் தாமதமாகும். பீங்கானால் இது முடியாது. வேறுவகை இறப்பர்களாலும் இந்தளவுக்கு முடியாது. அவளுடைய காவலிகளுக்குக் கிடைத்திருந்தது மூன்று நாள் ஓய்வு. எங்களுடையதற்குக் கிடைத்தது ஒரு பின்னேரம்.

பாடநூலிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் இது இருந்தது, நாங்கள் வாசித்தும் இருந்தோம். கண்ணுக்கு முன்னால் நடக்கும்போது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கூட்டாளி களவு செய்தாள் என்று நினைக்க மட்டும் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஸ்ப்ரே போத்தல் வாங்கினோம், பூச்செடிக்குத் தண்ணீர் விசிறுவது. சுவீடனின் எஸ்.ரி.ஆர்.ஐ. நிறுவனம் வகுத்த ஒரு முறை இருக்கிறது: காவலியின் மேல் தண்ணீரை விசிறிவிட்டு, நீர் நிற்கும் விதத்தைப் பார்த்து ஒன்றிலிருந்து ஏழு வரை தரம் போடுவது. ஒன்று என்றால் தனித்தனி முத்துக்கள், ஏழு என்றால் முழுப்படலம். இவ்வளவு எளிய கருவியைக் கம்பத்தடிக்கே கொண்டுபோகலாம். பூசின நாளில் ஏழு. அடுத்த நாள் ஐந்து. இப்படிக் குறைந்து குறைந்து நாலாம் நாள் இரண்டு. பக்கத்தில் வைத்த பீங்கான் நாலு நாளும் ஏழிலேயே நின்றது.

அந்தத் தாளைத்தான் பஸ்ஸில் அவள் வீட்டுக்குக் கொண்டுபோனோம். கதவைத் திறந்தவள் தாளை வாங்கி வாசித்தாள். "இதை நான் திங்கட்கிழமையே சொல்லியிருப்பன். நீங்கள் கேக்கேல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றதையும் சொன்னாள்: "அம்மம்மாவின்ர மெசின் இந்த லைனிலதான் ஓடுது. நான் பொய் நம்பர் எழுதி, அதை நம்பி ஆரும் ஒரு காவலியைத் தொங்கவிட்டால், முதல் மூச்சு முட்டுறது ஆருக்கு?" அன்றைக்குத்தான் எங்களுக்கு அம்மம்மாவின் முட்டு பற்றித் தெரியும். இதையெல்லாம் இங்கே எழுதலாமா என்று அவளிடம் கேட்டோம். தன் பெயரைப் போடவேண்டாம், மிச்சத்தை அப்படியே எழுதுங்கோ என்றாள்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சித்தப்பாவுக்கு விளக்கினோம். சரியான கவனமாகக் கேட்டார். "அப்ப கழுவத் தேவையில்லையோ?" என்று கேட்டார். கழுவுவதும் எப்போதும் நல்லதில்லை, உயர் அழுத்தத்தில் தண்ணீரை அடித்தால் கோலும் இறப்பரும் உலோகமும் சேரும் இடத்தின் அடைப்புப் பழுதாகலாம், உள்ளே ஈரம் போனால் கோலே முறியலாம் என்றோம். அவர் விடவில்லை. "சரி, உது ஓய்வு கிடைச்சாத்தானே? வாடைக்காலத்தில கடல் கொந்தளிச்சு ராப்பகலா உப்புத் தண்ணியே காத்தில வந்து அடிக்குமே, அப்ப உன்ர இறப்பர் எப்ப படுத்து எழும்புறது?"

அதுதான் சரியான கேள்வி. அழுக்கு இரண்டு வகை. ஒன்று, காய்ந்து படிந்து பனிக்குக் காத்திருப்பது. மற்றது, உப்புத் தண்ணீராகவே வந்து விழுவது. முதலாவதில் சிலிக்கோனுக்கு நேரம் கிடைக்கும். இரண்டாவதில் கிடைக்காது. நெடுநேரம் நனைந்தே கிடந்தால் மெதைல் கூட்டங்கள் உட்பக்கம் திரும்பிக்கொள்ளும், முத்துக்கள் படலமாகும், பொறி தொடங்கும். பொறி தொடங்கினால் அது மேற்பரப்பையே ஒட்சியேற்றிச் சிலிக்கா மாதிரி ஒரு தோலாக்கிவிடும், ஊறிவரும் எண்ணெய்க்கு அது தடை. ஓய்வு கிடைத்தால் இதிலிருந்தும் மீளும், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெதுவாக. நிரப்பியைக் கூட்டினால் பொறியைத் தாங்கும், ஆனால் இறப்பரின் பங்கு குறைவதால் ஊறிவருவதும் மந்தமாகும். பொறியைத் தாங்குவதா, பொறி வராமல் பார்ப்பதா என்ற இந்த இழுபறிதான் முழு ஆராய்ச்சியும். நாங்கள் உமிச் சாம்பலோடு போனபோது ஒரு பக்கத்தை மட்டும் பார்த்திருந்தோம்.

அதனால் கடலுக்குக் கிட்ட, 'பொலிமர்தானே' என்று ஊர்வுத் தூரத்தைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிப்பது புத்தியில்லை என்பது எங்கட அபிப்பிராயம். நீர்வெறுப்பு இல்லாமல் போகும் நாளையும் நினைத்துத்தான் அளவு வைக்கவேண்டும். இருக்கிற பீங்கானை மாற்ற வசதி இல்லாத இடத்தில் அதன்மேல் சிலிக்கோன் பூச்சுப் பூசுவதும் ஒரு வழி. துணைநிலையங்களில் இதைப் பல நாடுகளில் செய்கிறார்கள்.

இந்தப் பிரச்சினை எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. சீனாவின் வடபகுதியில் 1990 இலும் 2001 இலும் பனிமூட்டத்தில் பெரும் பரப்பில் லைன்கள் பிளாஷ்ஓவராகி விழுந்தன, அந்த அடிகளுக்குப் பிறகு அங்கே சிலிக்கோன் காவலிகள் வேகமாகப் பரவின. வட இந்தியாவில் மார்கழி, தைப் பனிமூட்டத்துக்குப் பீங்கானை மாற்றினார்கள், ஹெலிகொப்டரில் போய்க் கழுவவும் செய்தார்கள். தென்னாபிரிக்காவில் கேப் ரவுணுக்குக் கிட்ட, கோபெர்க்கில், கடலோரமாகவே காவலிகளைத் தொங்கவிட்டு ஆண்டுக்கணக்கில் பார்க்கும் சோதனை நிலையம் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் கொக்கற்றூக் கிளிகள் இறப்பர் குடைகளைக் கடித்துத் தின்கின்றன, அது வேறு தலையிடி. இங்கேயும் பேராதனை ஆய்வாளர்கள் சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வெப்பமண்டலத்தில் இவை எப்படி மூப்படைகின்றன என்று ஆராய்ந்திருக்கிறார்கள். எங்கட காலநிலையில் உப்போடு பாசியும் பூஞ்சணமும் சேர்ந்து வரும், அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

மன்னார்த் தீவின் கரையில் காற்றாலைகள் சுழல்கின்றன. நல்ல காற்று அடிக்கிற இடமும் நல்ல உப்பு அடிக்கிற இடமும் ஒன்றுதான். பசுமை மின்சாரம் பற்றிக் கதைக்கும்போது எல்லாரும் இறக்கையைப் பார்க்கிறோம். அந்த மின்சாரமும் உப்புக் காற்றுக்குள்ளால்தான், காவலி காவலியாகத் தொங்கிக்கொண்டு, ஊருக்கு வரவேண்டும்.

எங்கட புரொஜெக்ற் முடிந்துவிட்டது. புள்ளி பரவாயில்லை. அறிக்கையின் முதல் வரைபில் 'ஓய்வு நேரம்' என்று ஒரு நிரலே இருக்கவில்லை. கடைசி வரைபில் அதுதான் முதல் நிரல். பாவித்த சிலிக்கோன் காவலிகளில் ஒன்றைக் கழுவித் துடைத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தோம். அவர் அதைக் கிணற்றடித் துலாக்காலில், கடலைப் பார்த்தபடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கிழமைக்கு ஒருக்கா அவள் ஸ்ப்ரே போத்தலால் விசிறிப் படம் எடுத்து எங்கட குறூப்புக்குப் போடுவாள்.

போன ஞாயிறு வந்த மெசேஜ் இது: "கடற்பக்கம் 3. வீட்டுப் பக்கம் 1. அம்மம்மா கேக்கிறா, கரண்ட் குடுக்காமல் சும்மா கட்டித் தொங்கவிட்டால் அதுக்கு என்ன கஷ்டம் விளங்கும் எண்டு."

நாங்கள் மூன்று பேரும் இன்னும் பதில் போடவில்லை.